ஐரோப்பிய இரவு வண்டிகளும் எளிய குடும்பமும்

நெடுந்தொலைவுப் பயணத்தில் பகற்பொழுது எவ்வாறேனும் கழிந்துவிடும். சன்னலுக்கு வெளியே ஓடும் வயலும் ஊரும் ஆறும் குழந்தைகளின் கண்களை ஈர்த்துக்கொள்ளும். இரவு வந்ததும் பெற்றோர் மனத்தில் ஒரே கேள்விதான் எஞ்சி நிற்கும்: பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது? இருக்கையில் அமர்ந்தவாறே விடியும்வரை தலைசாய்த்துத் தவிப்பதற்கும், காலை நீட்டிப் படுத்து உறங்கி எழுவதற்கும் உள்ள வேற்றுமை, மறுநாள் முழுவதையும் ஆட்டிப் படைக்கும்.

ஐரோப்பாவின் இரவு வண்டிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அரசர்களையும் ஒற்றர்களையும் பட்டுத் திரைகளையுமே எழுதுவர். அகதா கிறிஸ்டி 1934இல் வெளியிட்ட கொலைப் புதினம் அவ்வண்டிகளின் புகழை உலகெங்கும் பரப்பியது. ஆனால், அப்புகழின் நிழலில் மற்றொரு வரலாறு மறைந்து கிடக்கின்றது. படுத்து உறங்கும் உரிமை எப்பொழுது, எவ்விலைக்கு, யாருக்குக் கிடைத்தது என்பதே அவ்வரலாறு. இன்று குடும்பத்தோடு ஐரோப்பாவில் இரவுப் பயணம் செய்ய எண்ணுவோர், கணக்கு ஏட்டைத் திறக்குமுன் அவ்வரலாற்றைச் சற்று அறிந்துகொள்வது நலம். பயணச் சீட்டில் அச்சாகும் விலை ஒவ்வொன்றின் பின்னும் அது நிற்கின்றது.

படுக்கை பிறந்த கதை

பெல்ஜியம் நாட்டு லியேஜ் நகரின் வங்கிக் குடும்பம் ஒன்றில் 1845இல் பிறந்தவர் ஜார்ஜ் நாகெல்மாக்கர்ஸ். இளமையில் அமெரிக்கா சென்ற அவர், அங்கு ஜார்ஜ் புல்மன் நடத்திய படுக்கைப் பெட்டிகளைக் கண்டார். புல்மனின் பெட்டி நீண்டதொரு கூடம், நடுவே நடைபாதை, இருபுறமும் திரைச்சீலை மறைத்த படுக்கைகள். அறிமுகமற்றோர் நடுவே திரை ஒன்றை மட்டும் காவலாகக் கொண்டு உறங்க ஐரோப்பியச் செல்வர் இசையார் என்று நாகெல்மாக்கர்ஸ் கருதினார். எனவே, பெட்டியைக் கதவுடைய சிற்றறைகளாகப் பிரித்தமைக்க முற்பட்டார். 1872இல் அவர் தொடங்கிய முயற்சி பல இடர்களைக் கடந்து, 1876இல் 'வாகோன்-லி' என்னும் அனைத்துலகப் படுக்கைப் பெட்டி நிறுவனமாக உருப்பெற்றது.

அவர் செய்த சிற்றறை ஏற்பாடு ஐரோப்பிய இரவுப் பயணத்தின் இலக்கணமாகவே நிலைத்துவிட்டது. இன்றும் ஒரு குடும்பம் கதவைத் தாழிட்டுத் தனித்து உறங்க முடிகின்றதெனில், அதன் தொடக்கம் இங்கேதான் உள்ளது. எனினும், அவர் அதனைக் குடும்பங்களுக்கென்று செய்தாரில்லை, செல்வர்க்கென்றே செய்தார்.

1883 அக்டோபர் 4ஆம் நாள் பாரிஸ் நகரிலிருந்து 'ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' புறப்பட்டது. மியூனிக், வியன்னா, புடாபெஸ்ட், புக்கரெஸ்ட் வழியாக ருமேனியாவின் ஜூர்ஜு வரை சென்றது அவ்வண்டி. அங்கே பயணிகள் படகேறித் தன்யூப் ஆற்றைக் கடந்து, மறுகரையில் வேறொரு வண்டியில் வார்னா துறைமுகம் சேர்ந்து, பின்னர்க் கப்பலில் கான்ஸ்டான்டிநோபிளை அடைந்தனர். முழு வழியும் இரயிலிலேயே செல்லும் வசதி 1889இல்தான் வாய்த்தது.

இத்தகைய வண்டியில் ஏறுவோர் இருமுறை பணம் செலுத்த வேண்டியிருந்தது. முதல் வகுப்புச் சீட்டுக்கு உரிய தொகை இரயில் நிறுவனங்களைச் சாரும். படுக்கைக்கென்று தனியாக ஒரு கூடுதல் கட்டணம் வாகோன்-லி நிறுவனத்தைச் சாரும். பயணத்துக்கு ஒரு விலை, படுக்கைக்கு வேறொரு விலை என்ற இந்த இரட்டைக் கணக்கு மாணவர்கள் நினைவில் இருத்தத்தக்கது. நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அது முற்றிலும் மறையவில்லை.

மரப்பலகையிலிருந்து அடுக்குப் படுக்கைக்கு

செல்வர் பட்டு விரிப்பில் உறங்கிய அதே இரவுகளில், மூன்றாம் வகுப்பு மக்கள் மரப்பலகையில் அமர்ந்து கண்விழித்துச் சென்றனர். ஜெர்மனியில் அதற்கும் கீழே நான்காம் வகுப்பு ஒன்று இருந்தது. அது 1928இல்தான் நீக்கப்பட்டது. அதே 1928இல் பிரிட்டனில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 1873 முதல் அந்நாட்டில் முதல் வகுப்பினர்க்கு மட்டும் இருந்துவந்த படுக்கை வசதியை, மூன்று பெரிய இரயில் நிறுவனங்கள் மூன்றாம் வகுப்பினர்க்கும் வழங்கின. ஒரு சிற்றறையில் நான்கு படுக்கைகள். ஆளுக்கு ஒரு தலையணை, ஒரு கம்பளி. அவ்வளவே! ஆயினும், உழைக்கும் மக்கள் இரயிலில் படுத்து உறங்கலாம் என்ற கொள்கை அந்தத் தலையணையோடு அந்நாட்டில் இடம்பெற்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பியக் கண்டத்தில் இக்கொள்கை பரவலாயிற்று. 1956 சூன் திங்களில் ஐரோப்பிய நாடுகளுள் பெரும்பாலானவை மூன்றாம் வகுப்பை ஒழித்தன. எஞ்சிய இரண்டு வகுப்புகளுள் இரண்டாம் வகுப்புப் பயணிகளுக்கு ஏற்ற எளிய படுக்கை முறை ஒன்று எங்கும் பெருகியது. பிரெஞ்சுக்காரர் அதனைக் 'கூஷெத்' என்றனர். ஜெர்மானியர் அவ்வகைப் பெட்டியை 'லீகெவாகன்' என்றனர். நாம் அதனை அடுக்குப் படுக்கை எனலாம். பகலில் அறுவர் அமரும் சிற்றறை, இரவில் இருபுறமும் மும்மூன்றாக ஆறு படுக்கைகள் கொண்டதாக மாறும். தலையணையும் போர்வையும் விரிப்பும் தருவர். பயணிகள் அணிந்த உடையோடே உறங்குவர். கைகழுவும் தொட்டி அறைக்குள் இராது. நடைவழியின் முனைக்குத்தான் செல்ல வேண்டும்.

இந்த ஆறு படுக்கை அறை, வடிவமைத்தோர் எண்ணினரோ இல்லையோ, ஒரு குடும்பத்தின் அளவாகவே அமைந்துவிட்டது. தாய், தந்தை, பிள்ளைகள் எனக் கூடி ஓர் அறையை நிரப்பிவிட்டால், அயலார் எவரும் இலர், கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம். நாகெல்மாக்கர்ஸ் செல்வர்க்கென்று வகுத்த தனிமை இவ்வாறு ஆசிரியருக்கும் எழுத்தருக்கும் தொழிலாளிக்கும் வந்து சேர்ந்தது. ஆனால், எல்லாருக்கும் வந்தது என்று கூறுதல் மிகையாகும். ஜெர்மனியின் ஆலைகளில் உழைத்த கிரேக்கரும் துருக்கியரும் யூகோஸ்லாவியரும் விடுமுறைக்கு ஊர் திரும்புகையில், நிறைந்து வழிந்த வண்டிகளில் இருக்கைகளிலும் நடைவழிகளிலும் இரவுகளைக் கழித்தனர். படுக்கையின் விலை எவ்வளவு இறங்கினும், அதனினும் கீழே நிற்போர் இருந்துகொண்டே இருந்தனர்.

திட்டமிடும் கருவிகள்

படுக்கை கிடைத்தால் மட்டும் போதாது. எந்த வண்டி எங்கே, எப்பொழுது செல்லும் என்பதும் தெரிய வேண்டும். தாமஸ் குக் நிறுவனம் 1873இல் முதன்முதல் வெளியிட்ட ஐரோப்பிய இரயில் கால அட்டவணை இவ்வகையில் பெருந்துணை புரிந்தது. பல நாட்டு இரயில் நேரங்களையும் ஒரே நூலில் தொகுத்துத் தந்த அவ்வேடு, பயணிகள் பலருக்கு மறைநூலாகவே விளங்கியது. 2013இல் அந்நிறுவனம் அதனைக் கைவிட்டபோது, அதன் தொகுப்பாசிரியர் குழுவைச் சேர்ந்தோரே தனியொரு நிறுவனம் கண்டு 2014 முதல் அதனைத் தொடர்ந்து வெளியிடலாயினர்.

1959இல் 'யூரெயில்' பயண அட்டை வந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்வோருக்கென்று உண்டாக்கப்பட்டதாதலின், மலேசியா, சிங்கப்பூர் மக்களுக்கும் அது உரியதாகும். ஐரோப்பிய இளைஞர்களுக்காக 'இன்டர்ரெயில்' அட்டை 1972இல் தோன்றியது. தொடக்கத்தில் 21 வயதுக்குட்பட்டோர்க்கு மட்டும் வழங்கப்பட்ட அது, 1998 முதல் எவ்வயதினர்க்கும் கிடைக்கலாயிற்று. பணம் குறைந்த இளைஞர் பலர் இரவு வண்டியையே தம் விடுதியாகக் கொண்டு நாடு நாடாகச் சுற்றினர்.

இங்கும் அந்தப் பழைய இரட்டைக் கணக்கே தொடர்ந்தது. அட்டை பயணத்தை மட்டுமே ஈடுசெய்யும். படுக்கைக்குத் தனியே பணம் செலுத்தி முன்பதிவு செய்தல் வேண்டும். அட்டை கையில் இருக்கின்றதே என்று செலவுப் பட்டியலில் படுக்கையை மறந்துவிடும் குடும்பம், தலைக்கு ஒன்றாக நான்கு ஐந்து முறை அம்மறதிக்கு விலை கொடுக்க நேரும்.

இரவு வண்டிகள் வாடிய காலம்

1981இல் பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே அதிவேக இரயில் ஓடத் தொடங்கியது. முன்பு இரவெல்லாம் கடந்த தொலைவு சில மணி நேரப் பகற்பயணமாகச் சுருங்கியது. பாரிசிலிருந்து மார்செய் நகரை 2001 முதல் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் அடைய முடிந்தது. மறுபுறம், 1993 முதல் ஐரோப்பிய வான்வழி வணிகம் தளர்த்தப்பட்டு, மலிவு விமான நிறுவனங்கள் பெருகின. பாரிஸ்–இஸ்தான்புல் நேர் வண்டி 1977இலேயே நின்றுபோயிற்று. இலண்டன் பயணிகளைப் படுக்கையோடு பெட்டியையும் கப்பலில் ஏற்றிப் பாரிசுக்குக் கொண்டுசென்ற 'நைட் ஃபெரி' 1936 முதல் 1980 வரை ஓடி ஓய்ந்தது. கால்வாய்ச் சுரங்கத்தின் வழி பிரிட்டனையும் கண்டத்தையும் இணைக்கவென்று கட்டப்பட்ட புதிய படுக்கைப் பெட்டிகள், ஓரிரவுகூட அப்பணியைச் செய்யாமலே, 2000இல் கனடாவுக்கு விற்கப்பட்டன.

வேகமும் விமானமும் மட்டுமே காரணம் என்று முடித்துவிடலாகாது. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஏறத்தாழ ஒரே நீளமுள்ள மூன்று பழைய பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு சிற்றறைகள் கொண்ட இரண்டாம் வகுப்பு இருக்கைப் பெட்டியில் 72 பேர் அமர்வர். பத்துச் சிற்றறைகள் கொண்ட அடுக்குப் படுக்கைப் பெட்டியில் 60 பேர் படுப்பர். பன்னிரண்டு அறைகள் கொண்ட படுக்கைப் பெட்டியில், அறைக்கு மூவராக 36 பேர் உறங்குவர். அதே பெட்டியை அறைக்கு ஒருவராக விற்றால் 12 பேருக்கே இடம். மேலும், பகல்வண்டியின் இருக்கையை ஒரே நாளில் பலமுறை விற்கலாம். இரவு வண்டியின் படுக்கை நாளுக்கு ஒருமுறைதான் விலைபோகும். பகல் முழுவதும் அப்பெட்டி நிலையத்தின் ஓரத்தில் சும்மா நிற்கும். இரவுப் பணியாளர் ஊதியம், விரிப்புகளின் சலவை முதலியன வேறு.

1991இல் ஐரோப்பியச் சமூகம் பிறப்பித்த ஆணை, இருப்புப்பாதையின் கணக்கையும் வண்டி ஓட்டும் கணக்கையும் பிரித்து வைத்தது. ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பாதைக் கட்டணம் என்ற செலவு வெளிப்படையாயிற்று. இரவு முழுவதும் நெடுந்தொலைவு ஓடும் வண்டிக்கு அது பெருஞ்சுமை. பன்னாட்டு விமானங்களின் எரிபொருளோ பெரும்பாலும் வரியின்றியே ஊற்றப்பட்டது. போட்டி சமநிலையில் நடக்கவில்லை என்பது இதனால் விளங்கும். முடிவில், 2016 டிசம்பரில் ஜெர்மன் இரயில்வே தன் படுக்கை வண்டிகள் அனைத்தையும் நிறுத்தியது.

மீட்சியும் அதன் நிலையாமையும்

எல்லாம் முடிந்தது என்று பலரும் எண்ணிய வேளையில், சிறிய நாடான ஆஸ்திரியா முன்வந்தது. ஜெர்மனி கைவிட்ட வழித்தடங்களுள் பலவற்றையும் அதன் பெட்டிகள் சிலவற்றையும் ஆஸ்திரிய இரயில்வே ஏற்று, 'நைட்ஜெட்' என்னும் பெயரில் அதே டிசம்பரில் ஓட்டத் தொடங்கியது. விமானப் புகையால் வானிலைக்கு நேரும் கேட்டைப் பற்றிய கவலையும் வளர்ந்தது. சுவீடன் நாட்டில் விமானத்தில் பறக்க நாணுதல் என்னும் பொருள்படும் சொல்லே வழக்கிற்கு வந்தது. 2021இல் பாரிஸ்–நீஸ் இரவு வண்டி மீண்டும் ஓடியது. பொதுமக்களிடம் சிறு பங்குகள் விற்று முதல் திரட்டிய 'யூரோப்பியன் ஸ்லீப்பர்' நிறுவனம், 2023இல் பிரசல்ஸ்–பெர்லின் வண்டியைத் தொடங்கி, 2024இல் பிராக் வரை நீட்டியது.

இம்மீட்சி உறுதியான தரையில் நிற்கின்றதா? 2021 டிசம்பரில் பாரிஸ்–வியன்னா வண்டியும், 2023 டிசம்பரில் பாரிஸ்–பெர்லின் வண்டியும் பெரும் ஆரவாரத்துடன் தொடங்கப்பட்டன. பிரெஞ்சு அரசு தன் மானியத்தை நிறுத்திக்கொள்ளவே, 2025 டிசம்பரில் நைட்ஜெட் இவ்விரண்டையும் கைவிட்டது. பெர்லின் வழியைத் தான் ஏற்கப்போவதாக யூரோப்பியன் ஸ்லீப்பர் அவ்வாண்டிலேயே அறிவித்தது. வண்டிகளில் பயணிகள் இருந்தனர். ஆயினும் கணக்கு நிறைவு பெறவில்லை. எளிய குடும்பம் ஒன்று படுத்துச் செல்லத்தக்க விலையில் படுக்கை கிடைக்க வேண்டுமாயின், பொதுப்பணத்தின் துணை அதற்கு வேண்டும். அன்றேல் பாதைக் கட்டணமேனும் குறைய வேண்டும். இரண்டும் இல்லையெனில், படுக்கை மீண்டும் செல்வர்க்கே உரியதாகிவிடும்.

குடும்பத்தின் கணக்கு

இவ்வரலாற்றிலிருந்து பயணம் செல்லும் குடும்பத்திற்குக் கிடைக்கும் பாடங்களைத் தொகுத்துக் காண்போம்.

முதலாவது, தலைக் கணக்கினும் அறைக் கணக்கே முதன்மையானது. படுக்கைப் பெட்டியின் அறையில் இருவர் அல்லது மூவரே உறங்க முடியும். நால்வர் கொண்ட குடும்பம் அங்கே இரண்டு அறைகள் எடுக்க நேரும். அடுக்குப் படுக்கைப் பெட்டியில் நான்கு அல்லது ஆறு படுக்கை அறை ஒன்றையே முழுமையாக எடுத்துக்கொள்ளலாம். எனவே, தனித்தனிப் படுக்கைகளின் விலையைக் கூட்டிப் பார்ப்பதோடு, முழு அறையின் விலையையும் கேட்டு ஒப்பிடுதல் வேண்டும்.

இரண்டாவது, இரவு வண்டி எதனை மிச்சப்படுத்துகின்றது என்பதைத் தெளிவாக உணர வேண்டும். அது ஓர் இரவு விடுதிச் செலவையும் ஒரு பகற்பொழுதையும் மிச்சமாக்கும். விளக்கத்திற்காக எண்களைப் புனைந்துகொள்வோம். நால்வருக்குப் பகல் வண்டிக் கட்டணம் 160 யூரோ, விடுதி 140 யூரோ என்றால் மொத்தம் 300. இரவு வண்டியில் முழு அறை 280 எனில் 20 யூரோ மிச்சம். 360 எனில் 60 யூரோ மிகைச் செலவு. அந்த 60 யூரோவுக்கு ஒரு முழுப்பகல் கிடைக்கின்றது. அது தகுமா தகாதா என்பதைக் குடும்பமே முடிவு செய்தல் வேண்டும். விடியலில் போய்ச் சேரும்போது விடுதி அறை பிற்பகல்வரை கிடைக்காது என்பதையும், பயணப்பைகளை வைக்கும் பெட்டகத்திற்கு வாடகை உண்டு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, பிள்ளைகளின் வயது. யூரெயில் முறையில் 4 முதல் 11 வயதுவரை உள்ள பிள்ளைகள், பெரியவர் ஒருவருக்கு இருவராக, இலவச அட்டை பெறுவர். அதற்கும் கீழ்ப்பட்டோர்க்கு அட்டையே வேண்டா. ஆனால், படுக்கை எடுத்தால் அதற்குரிய முன்பதிவுக் கட்டணம் உண்டு. நைட்ஜெட் முறையில் 6 வயதுக்குட்பட்ட குழந்தை பெற்றோரின் படுக்கையைப் பகிர்ந்துகொண்டால் கட்டணமில்லை. 6 முதல் 14 வயதுவரை சிறுவர் கட்டணம். எனவே, 12 வயதுப் பிள்ளை ஓரிடத்தில் சிறுவன், மற்றோரிடத்தில் இளைஞன்! எந்த முறை தம் பிள்ளைகளின் வயதுக்கு நன்மை தரும் என்பதைப் பெற்றோர் எழுதிப் பார்த்தல் நலம்.

நான்காவது, காலம். மலிவான படுக்கைகள் குறைந்த எண்ணிக்கையிலேயே விற்கப்படும். அவை தீரத் தீர விலை ஏறும். ஐரோப்பியக் கால அட்டவணை ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்கள் இரண்டாம் வார இறுதியில் மாறும். சென்ற ஆண்டு நூலை நம்பி இவ்வாண்டுப் பயணத்தை வகுப்போர், பாரிஸ்–வியன்னா வண்டியை எதிர்பார்த்து நிற்போரைப் போல் ஏமாற நேரும்.

ஐந்தாவது, இடைவெளி. இருப்புப்பாதைப் பழுதுபணிகள் பெரும்பாலும் இரவிலேயே நடப்பதால், இரவு வண்டிகள் தாமதமாவதும் வழிமாறுவதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஒரு மணி நேரத் தாமதத்திற்குக் கட்டணத்தில் 25 விழுக்காடும், இரண்டு மணி நேரத்திற்கு 50 விழுக்காடும் ஈடாகக் கோரலாம். தவறிப்போன விமானத்தை அத்தொகை மீட்டுத் தராது. ஆகவே, இரவு வண்டி சேரும் நாளிலேயே நாடு திரும்பும் விமானத்தைப் பதிவு செய்யலாகாது. கடவுச்சீட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். முற்காலத்தில் பெட்டிப் பணியாளரே கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்து, எல்லையில் பயணியை எழுப்பாமல் காத்தார். 1995இல் செங்கன் உடன்பாடு நடைமுறைக்கு வந்தபின் பல எல்லைகளில் சோதனை மறைந்தது. அண்மை ஆண்டுகளில் சில நாடுகள் தற்காலிகச் சோதனையை மீண்டும் கொண்டுவந்துள்ளன.

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பர் நம் முன்னோர். குடும்பச் செலவுக்கு அது பொருந்தும். நாட்டுச் செலவுக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஒரு தலையணையும் ஒரு கம்பளியும் எளிய மக்கள் கைக்கு வந்து சேர ஐரோப்பாவில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அவை பறிபோக ஒரு வரவு செலவுத் திட்டத்தின் ஒரு வரி போதுமானதாக இருந்தது. பொது வசதிகளின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும், அரண்மனை வண்டிகளின் ஒளியில் மயங்கிவிடாமல், மூன்றாம் அடுக்கில் போர்வை போர்த்து உறங்கும் குழந்தையை நோக்குவாராக. அக்குழந்தை எந்த விலைக்கு அங்கே உறங்குகின்றது என்று கேட்கத் தொடங்கும்போதுதான், இரயில் பாதையின் வரலாறு மக்களின் வரலாறாக விரிவடைகின்றது.